யானையைப் பிடித்துவைத்துச் சம்பளம் கேட்ட கதை

பம்பலப்பிட்டியைத் தாண்டும்போதுதான் யானை கனக்கத் தொடங்கியது.

வெள்ளவத்தையில் தோளில் ஏற்றியபோது தலையணை மாதிரித்தான் இருந்தது. உள்ளே வெறும் காற்று, வெளியே ஃபைபர். நிறுத்தினால் என் இடுப்பளவு உயரம். நெற்றியில் தங்க நிறப் பட்டம், தூக்கிய தும்பிக்கை, எதற்கும் கவலைப்படாத முகம். கலியாண மண்டபங்களில் மணவறைக்கு இரண்டு பக்கமும் நிற்குமே, அந்த ஜோடியில் வலப்பக்கத்து யானை அது. இடப்பக்கத்து யானையை முதலாளியின் ஸ்டோரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். (இரண்டையும் தூக்க எனக்குத் தெம்பில்லை. இதைப் பிறகு பொலிசில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.)

காலி வீதி என்ற கொழும்பின் பெருந்தெருவில் மத்தியான வெயிலில் யானையோடு நடப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. எல்லோரும் வழிவிடுவார்கள். ஒரு சின்னப் பிள்ளை மட்டும் நின்று, "அம்மா, அங்க பாருங்கோ, அந்த மாமா யானை கொண்டு போறார்" என்றது. தாய் என்னைப் பார்த்தாள். "பாக்காத, வா" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

பஸ்கள் நின்றன, யானையைக் கண்டதும் புறப்பட்டன. ஒரு கொண்டக்டர் மட்டும் மிதிபலகையில் தொங்கியபடி சிங்களமும் தமிழும் கலந்து நியாயமாகக் கதைத்தான்: "மல்லி, நீ ஏறு. அலியா ஏற ஏலாது. யானைக்கு சீட் இல்ல." சம்பளமில்லாமல் இரண்டு மாதம் வேலை செய்தவனுக்கு யானையை விட்டுவிட்டு ஏறும் மனநிலை இருக்கவில்லை. கடைசியில் ஒரு ஆட்டோக்காரன் யானையின் தும்பிக்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிபந்தனையோடு என் அறையிருந்த கொட்டாஞ்சேனைக்கு ஏற்றிப் போனான். கையிலிருந்த காசில் ஒரு ஐந்து ரூபாய் நாணயக் குற்றிதான் மிஞ்சியது.

சம்பளம் கேட்கத் தெரியாதவனுக்கு உலகத்தில் எங்கேயும் வேலை கிடைக்கும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு இறங்கியவன் நான். வவுனியாவில் பேக்கரி, நீர்கொழும்பில் ஐஸ் உடைக்கும் வேலை, புறக்கோட்டையில் மூட்டை. எல்லா இடத்திலும் என்னைச் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார்கள். போகும்போதும் ஒருவரும் தடுக்கவில்லை.

அப்படி வந்து சேர்ந்த இடம்தான் வெள்ளவத்தையில் கனகலிங்கம் முதலாளியின் மணவறை அலங்காரக் கடை. முதலாளி நல்ல மனிதர். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. சம்பளம் தரமாட்டேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவரிடம் இருந்தது ஒரு நாட்காட்டி.

முதல் மாதம் முடிந்து கேட்டேன்.

"தாறன் தம்பி. ஆனா இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே? வெள்ளிக்கிழமை காசு வெளியில விடப்படாது. லச்சுமி போயிடும்."

சனிக்கிழமை கேட்டேன். "சனியிலயோ? என்ன கதை கதைக்கிறாய்?" செவ்வாய்க்கிழமை வாயே திறக்கக்கூடாது. அட்டமி, நவமி என்றால் கல்லாப் பெட்டியைத் தொடவே மாட்டார். நல்ல நாள் பார்த்துக் கேட்கலாம் என்றால், நல்ல நாட்களில் எல்லாம் கலியாணம். விடிய முன்னமே மண்டபத்துக்குப் போனால் கடைக்குத் திரும்பும்போது இருட்டிவிடும். அப்போது முதலாளி சாமிப் படத்தைக் காட்டுவார். "விளக்கு வைச்சாச்சு தம்பி. விளக்கு வைச்சாப்பிறகு காசு குடுக்கிறதில்லை. இந்தா, தேத்தண்ணி குடி."

கெட்ட நாளில் கொடுக்கக்கூடாது. நல்ல நாளில் நேரமில்லை. இரண்டு மாதம் இந்த நாட்காட்டிக்குள் ஒரு ஓட்டை தேடினேன். இல்லை. அதை அவ்வளவு கச்சிதமாகச் செய்திருந்தார் மனிதர். அந்த இரண்டு மாதத்திலும் நான் குடித்த தேநீரின் கணக்கைப் பார்த்தால் அவரைக் கஞ்சன் என்றும் சொல்ல முடியாது.

யானையைப் பிடித்துவைக்கும் யோசனை என் சொந்தப் புத்தியில் வந்ததல்ல. அதைக் கற்றுத் தந்தவர் கொட்டாஞ்சேனையில் எனக்கு அறை வாடகைக்குத் தந்திருந்த பெர்னதெத் அன்ரி. அந்த வியாழக்கிழமை காலை வேலைக்குப் புறப்படும்போது என் பயணப்பையைத் தூக்கித் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"மகன், கோவிக்காத. பேக் என்கிட்ட இருக்கட்டும். வாடக வந்தா பேக் வரும்."

அந்தப் பைக்குள்தான் என் உடுப்பு, அடையாள அட்டை, பேக்கரிக்காரர் தந்த நற்சாட்சிக் கடிதம் எல்லாம் இருந்தன. சுருக்கமாகச் சொன்னால், நான் அதற்குள்தான் இருந்தேன். பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போகும் வழியெல்லாம் அன்ரியைத் திட்டினேன். இறங்கும்போது வியந்தேன். எவ்வளவு எளிமையான முறை! சத்தமில்லை, சண்டையில்லை. பிடித்துவைத்தால் வருகிறது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை காலை ஒரு பெரிய முகூர்த்தம். ஜோடி யானை வேண்டும் என்று பெண் வீட்டார் பிரத்தியேகமாகக் கேட்டிருந்தார்கள். மத்தியானம் முதலாளி சாப்பிடப் போன நேரம், ஸ்டோருக்குள் போய் வலப்பக்கத்து யானையைத் தோளில் ஏற்றினேன்.

கொட்டாஞ்சேனையில் யானையை இறக்கியதும் அன்ரி வாசலுக்கு வந்தார். சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுக்கு வாடக தனி" என்று மட்டும் சொன்னார்.

இனி முதலாளிக்குச் சொல்ல வேண்டும். என் நம்பரைக் கண்டால் அவர் எடுக்கமாட்டார். அடுத்த அறையில் சூசை இருந்தான். துபாயிலிருந்து திரும்பி வந்து பல மாதமாகியும் வட்ஸ்அப்பில் துபாய் நம்பரை மாற்றாமல் வைத்திருந்தான். (தான் இன்னும் துபாயில்தான் இருப்பதாகக் கடன்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்பது அவன் திட்டம்.) விஷயத்தைக் கேட்டதும் அவன் கட்டிலிலிருந்து எழும்பி உட்கார்ந்தான்.

"எங்க, அவர்கிட்ட எப்பிடிக் கேப்பேன்னு சொல்லு பாப்பம்."

"முதலாளி, அந்தச் சம்பளத்தக் கொஞ்சம் பாத்துத் தந்தீங்கன்னா..."

"டேய் மச்சான், இது சல்லி கேக்கிற குரலா? இது சோறு கேக்கிற குரல். அடித்தொண்டையில கேளு. மெதுவாக் கேளு. இடைக்கிட ஒண்டும் பேசாம இரு. அதுலதான் பயம் இருக்கு. எவ்வளவு தரணும்?"

"எண்பத்தேழாயிரம்."

"துபாய் நம்பர்ல இருந்து எண்பத்தேழாயிரமா? மானம் போகும்டா. லெச்சமாக் கேளு."

ஒத்திகை பார்த்தோம். சூசை முதலாளியாக நடித்தான். மூன்றாவது தடவை அவனே கொஞ்சம் பயந்தான். பிறகு அவனுடைய வட்ஸ்அப்பிலிருந்து அழைப்பு எடுத்தேன். முதலாளி உடனே எடுத்தார். (வெளிநாட்டு நம்பர். கலியாண ஓடர் என்று நினைத்திருப்பார்.)

"ஹலோ?"

நான் ஒன்றும் பேசவில்லை.

"ஹலோ... ஆர் கதைக்கிறது?"

"யாருன்னு உங்களுக்கே தெரியும்." அடித்தொண்டை. "தர வேண்டியதத் தரணும். ஒரு லெச்சம். இன்னைக்கே. இல்லாட்டி நாளைக்குக் காலையில முகூர்த்தம் நடக்காது."

மறுபக்கத்தில் கடைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, நடுங்கிக்கொண்டு, "எங்க... எங்க கொண்டுவர வேணும்?"

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் அப்படிக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் முழு விலாசமும் சொன்னேன். கொட்டாஞ்சேனை, இன்ன ஒழுங்கை, மாதா சொரூபம் தாண்டி மூன்றாவது வீடு, நாய் கட்டித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

தொலைபேசியை வைத்ததும் சூசை கை கொடுத்தான். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"மச்சான், யானையப் பத்திச் சொல்லவே இல்ல."

சூசை யோசித்தான். "பரவால்ல. வந்தா பாப்பார்தானே."

மிரட்டிப் பணம் பறிப்பதற்கு இங்கே கப்பம் என்று பெயர்; அந்தச் சொல்லை வெள்ளவத்தைக் கடைக்காரர்கள் இன்றும் பாதிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்கள். ஒரு காலத்தில் வெள்ளை வான் வண்டியில் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டார்கள். இப்போது வெளிநாட்டு நம்பரிலிருந்து கேட்கிறார்கள். இது கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் சம்பளம் கேட்கிறவனுக்குத் தான் கப்பக்காரன் மாதிரித் தெரிவான் என்ற எண்ணம் எங்கிருந்து வரும்? நான் என் மனதுக்குள் இன்னும் தேநீர் குடித்துக்கொண்டு நிற்கிற செல்வராஜ்தான்.

பின்னேரம் அன்ரியின் வாசலில் ஜீப் வந்து நின்றது. துப்பாக்கியோடு நான்கு பேர் குதித்தார்கள். நான் அப்போது முற்றத்தில் யானையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாளை முகூர்த்தத்துக்குத் தூசியோடு போகக்கூடாது அல்லவா. பாதாள உலகக் கோஷ்டியைத் தேடிவந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், யானையைப் பார்த்தார்கள், கையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தார்கள். ஒருவர் சிங்களத்தில் மற்றவரிடம் இந்த வீடுதானா என்று கேட்டார். விலாசம் அவ்வளவு தெளிவாக இருந்தபடியால் வேறு வீடாக இருக்க வழியில்லை. என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். யானையையும் ஏற்றினார்கள். சூசையைத் தேடினால் அவன் உண்மையிலேயே துபாய்க்குப் போனவன் மாதிரி மறைந்துவிட்டான். வாடகையோடு சேர்த்து நானும் போய்விடுவேனோ என்ற பயத்தில் அன்ரி ஆட்டோ பிடித்துப் பின்னால் வந்தார்.

பொலிசில் ஆளை அடையாளம் காட்ட முதலாளி ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பினார்.

"செல்வம்! உன்னையும் பிடிச்சுக்கொண்டு வந்திட்டாங்களோ?"

"நான்தான் முதலாளி."

"என்ன நான்தான்?"

"போன்ல. நான்தான்."

முதலாளி மெல்ல உட்கார்ந்தார். அவர் முகத்தில் உயிர் திரும்பியது. அதற்குப் பின்னால் கோபம் வந்தது. "அட நாசமாப்போவானே! நீயெண்டு சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டனே!"

"அதனாலதான் சொல்லல முதலாளி."

விசாரித்தவர் மட்டக்களப்புப் பக்கத்துச் சார்ஜன். வயதானவர், தமிழர், அவசரமில்லாதவர், மகனே என்பதை மனே என்று சொல்கிறவர். பேனையைத் திறந்தார்.

"என்ன மனே, செய்த வேலைக்குச் சம்பளம் கேட்டியா?"

"ஆமா சார்."

"அதுல பிழையில்ல. நூறு தரம் கேக்கலாம். தராட்டி லேபர் ஒஃபிசுக்குப் போவன் எண்டு சொல்லலாம். போகவும் போகலாம். கலியாணம் நடக்காது எண்டு ஏன் சொன்ன?"

"யானை இல்லாம நடக்காதுன்னு சொல்ல வந்தேன் சார். யானை விட்டுப் போச்சு."

சார்ஜன் பேனையைப் பார்த்தார். "சரி. யானையச் சொல்லியிருந்தா மட்டும் சரியா? யானை ஆருட?"

"முதலாளியோட."

"அப்ப அதத் தூக்கினது களவு. தந்தாத்தான் விடுவன் எண்டு பயங்காட்டினது கப்பம். சம்பளம் எவ்வளவு?"

"எண்பத்தேழு சார்."

"கேட்டது?"

"ஒரு லெச்சம்."

"மிச்சம் பதின்மூணு?"

"ரவுண்டு பண்ணினது சார்."

சார்ஜன் கண்ணாடியைக் கழற்றினார். "மனே, சண்டையெண்டு விடலாம் எண்டுதான் பாத்தன். உன்ட காசக் கேக்க வந்தவன் எண்டு எழுதலாம். ஆனா அந்த ரவுண்டு இருக்கே, அது உன்ட காசு இல்ல. அதுக்கு நான் என்னெண்டு எழுத?"

எனக்கு அப்போதுதான் விஷயம் புரியத் தொடங்கியது. பேக்கரி, ஐஸ், மூட்டை, எங்கேயும் என்னை ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மறியலில் கம்பி எண்ணிவிட்டு வந்தவனை எந்த முதலாளி சேர்ப்பான்? நற்சாட்சிக் கடிதம் வேறு அன்ரியின் அலுமாரிக்குள். அந்த நினைப்பில் என் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்துவிட்டது.

"சார், வாடகைக்காக என் பேக்கப் பூட்டி வெச்சிருக்காங்களே, அது என்ன சார்?"

சார்ஜன் தலையைத் திருப்பினார். சுவரோரத்து நீள வாங்கிலில் உட்கார்ந்திருந்த அன்ரி எழும்பினார்.

"ஐயோ சார், நான் பாதுகாப்பாத்தான் வெச்சிருக்கேன்! இந்தக் காலத்துல களவு கூடத்தானே. இப்பவே எடுத்துக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கிறேன்." கையிலிருந்த ஜெபமாலையை உயர்த்திக் காட்டினார். அன்றைய நாளில் சட்டத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்தப் பைதான்.

இதற்கிடையில் முதலாளிக்கு வேறு கவலை வந்திருந்தது. "ஐயா, உந்த யானையை நான் கொண்டுபோகலாமோ? விடிய முகூர்த்தம்."

"அது வழக்குப் பொருள். கோர்ட்டுக்குப் போய்த்தான் வெளியில வரும்."

"ஐயோ! ஒற்றை யானையோட மணவறை போடேலாது ஐயா. அபசகுனம் எண்டு பொம்பிளை பகுதி என்னைக் கொன்றுபோடும்."

சார்ஜன் முன்னால் சாய்ந்தார். "அப்ப முறைப்பாட்ட வாபஸ் வாங்குங்க. பொடியன்ட சம்பளத்தத் தருவன் எண்டு எழுதித் தாங்க. யானையத் தூக்கிக்கொண்டு போங்க. இல்லாட்டி யானை இங்கதான்."

நான் புதிதாகக் கற்றுக்கொண்டவன். கற்றதை உடனே பயன்படுத்திப் பார்க்கும் ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. (பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏனோ வரவில்லை.)

"சார், அப்ப இது கப்பம் இல்லையா?"

முதலாளிகூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இது சமாதானம்" என்றார் சார்ஜன். "வாய மூடிக்கொண்டு இரு மனே."

முதலாளி ஒத்துக்கொண்டார். இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று சார்ஜன் சொன்னதும், பையில் கையை வைத்தவர் யன்னலைப் பார்த்தார். வெளியே இருட்டியிருந்தது. மேசைக்கு மேலே சாமிப் படத்துக்கு யாரோ சின்ன மின்விளக்கு போட்டிருந்தார்கள்.

"விளக்கு வைச்சாச்சு ஐயா" என்றார் முதலாளி. "நாளைக்கு வெள்ளி. நாளையிண்டைக்குச் சனி. ஞாயிறு கலியாணம். திங்கட்கிழமை தாறன்."

சார்ஜன் என்னைப் பார்த்தார். நான் இரண்டு மாதம் பட்டதை அவர் அந்த ஒரு நிமிடத்தில் பட்டார் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். என்னிடமும் இனி யானை தூக்கமாட்டேன் என்று வாங்கினார். முதலாளி யானைக்குச் சேதமில்லையா என்று பார்க்க அங்கும் இங்கும் தட்டினார், அசைத்தார், கடைசியில் ஒரு குத்துக் குத்திப் பார்த்தார். முன்னங்கால் முழங்காலோடு கழன்று விழுந்தது. கடத்தியபோது ஒரு கீறலும் இல்லாமலிருந்த யானை.

வெளியே வரும்போது சார்ஜன் என்னைக் கூப்பிட்டார். "கேள் மனே. அடுத்தவன்ட பொருளைப் பிடிச்சுவைக்க உனக்கு உரிமை இல்ல. உன்ட கை கால் உன்ட பொருள். அதைத் தரமாட்டன் எண்டு எந்த நாளும் சொல்லலாம். அதுக்கு ஒருத்தனும் ஜீப் அனுப்பமாட்டான்."

பல வருடம் கழிந்து இப்போது எங்கள் வீட்டில் இந்தக் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. என் மனைவி சூசையின் தங்கை. அவள் சொல்லும் வடிவத்தில் அவள் அண்ணன் என்னைத் தடுக்கப் பார்த்தான். நான் தேநீர் கேட்டால், "கேக்கிறீங்களா, கப்பமா?" என்பாள். மகள் ஒரு படி மேலே போய், தன் பென்சில் பெட்டியைத் தம்பி பிடித்துவைத்தால், "யானையை விடு" என்று கத்துவாள். மாமியார் வீட்டுக் கலியாணங்களில் என்னை மணவறைப் பக்கம் தனியாக விடுவதில்லை.

பொலிசுக்குப் போய்வந்த அடுத்த நாள், வெள்ளிக்கிழமை விடிய, என் தொலைபேசி அடித்தது. முதலாளி தானாக என்னை அழைத்த முதல் தடவை.

"செல்வம், உடனே மண்டபத்துக்கு வா. உந்த யானை நிக்குதில்லை. பொடியள் எல்லாரும் நுகேகொடைக் கலியாணத்துக்குப் போயிட்டாங்கள். பின்னுக்குக் குந்தியிருந்து ஒராள் பிடிச்சுக்கொண்டிருந்தாப் போதும்."

போனேன். மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் வரத் தொடங்கியிருந்தார்கள். யானை வலப்பக்கம் முகங்குப்புறச் சாய்ந்து கிடந்தது.

"பிடிக்கிறேன் முதலாளி. சம்பளத்தத் தந்தா பிடிக்கிறேன். எண்பத்தேழு. இன்னைக்குக் கூலியும் சேத்து."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையடாப்பா!"

"சரி முதலாளி. அப்ப நான் வாறேன்."

"டேய், நில்! இது கப்பமெல்லே?"

"இல்ல முதலாளி. இது என் கை. சார்ஜனக் கேட்டுப் பாருங்க."

முதலாளி யானையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். மாப்பிள்ளை அழைப்பின் மேளச் சத்தம் வீதியில் கேட்டது. மனைவிக்கு அழைப்பு எடுத்து மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

"முதல்ல நீ ஏதாவது தா. உள்ளுக்கு வந்தாப்பிறகு வெளியில விட்டால் பிழையில்லையாம்."

சட்டைப் பையில் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று கிடந்தது. கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு யானைக்குப் பின்னால் குனிந்து நின்று என் சம்பளம் முழுவதையும் எண்ணித் தந்தார். அவருடைய கடை வரலாற்றில் வெள்ளிக்கிழமை காசு வெளியே போன ஒரே நாள் அதுதான் என்று கேள்வி.

முகூர்த்தம் முடியும்வரை யானைக்குப் பின்னால் குந்தியிருந்து அதன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கேட்டது. அறுகரிசி என் தலையிலும் விழுந்தது. அந்தக் கலியாணப் பட அல்பத்தில் வலப்பக்கத்து யானைக்கு மட்டும் ஐந்து விரல்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

எல்லாம் முடிந்து யானையைப் படுக்கவைத்த பிறகு முதலாளியிடம் போனேன்.

"முதலாளி, அந்த அஞ்சு ரூபா?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையடாப்பா" என்றார்.

இன்னும் வரவில்லை. காணும்போதெல்லாம் கேட்கிறேன். ரவுண்டு பண்ணாமல் கேட்கிறேன்.